செத்தவன் பேரு என்ன? இடைக்காலப் போர்ல சாதா சிப்பாயை எப்படி அடையாளம் கண்டாங்க

1346 ஆகஸ்ட் 26, வடக்கு பிரான்ஸ்ல கிரெசின்னு ஒரு ஊரு. இங்கிலாந்து ராஜா மூணாம் எட்வர்டுக்கும் பிரெஞ்சு ராஜாவுக்கும் சாயங்காலம் ஆரம்பிச்ச சண்டை இருட்டுற வரைக்கும் நடந்துச்சு, எட்வர்ட் ஜெயிச்சார். சண்டை ஓஞ்சதும் அவர் ரெஜினால்ட் காபம்ங்கிற தளபதியைக் கூப்பிட்டு, கூட ஹெரால்டுகளையும் எழுதிக்க ரெண்டு கிளார்க்கையும் குடுத்து, செத்துக் கிடக்குறது யார் யார்னு பாத்து எழுதிட்டு வாங்கன்னு அனுப்பினார். அவங்க நாள் பூரா அந்த வயல்ல பிணம் பிணமா பாத்துட்டு வந்து குடுத்த கணக்கை ஃப்ருவாசார்ங்கிற அந்தக் காலத்து எழுத்தாளர் எழுதி வச்சிருக்கார்: இளவரசர் அந்தஸ்துல 11 பேர், சொந்தக் கொடி வச்ச பிரபுக்கள் 80 பேர், நைட் பட்டம் வாங்கின குதிரைவீரங்க 1,200 பேர், அப்புறம் சாதாரண ஆளுங்க ஒரு 30,000 பேர்.

அந்தக் கடைசி நம்பரைப் பாருங்க. 11ன்னா 11ஆ எண்ணியிருக்காங்க, 80ன்னு எண்ணியிருக்காங்க, சாதா ஆளுங்கன்னு வந்ததும் முப்பதாயிரம்னு மொத்தமா ஒரு அள்ளு அள்ளிப் போட்டுட்டாங்க. அந்த 30,000 ரொம்ப ஊதின கணக்குன்னு இன்னைக்கு வரலாற்றுக்காரங்க சொல்றாங்க, ஆனா எனக்கு அது பெருசா இருக்கோ சின்னதா இருக்கோங்கிறதை விட, அதுக்குப் பக்கத்துல ஒரு பேரு கூட இல்லங்கிறது தான் மனசுல நிக்குது. இந்தக் கட்டுரை அவங்களைப் பத்தி. கி.பி. 500ல இருந்து 1500 வரைக்கும்னு தோராயமா சொல்ற இடைக்காலத்துல, ஐரோப்பாவுல, ஒரு சாதா வில்லாளியோ ஈட்டிக்காரனோ செத்தா அது இன்னார் தான்னு யாருக்காவது தெரியுமா, தெரிஞ்சா எப்படித் தெரியும், இன்னைக்கு எலும்பு கிடைச்சா கண்டுபிடிக்க முடியுமா, இதான் விஷயம்.

முதல்ல ஹெரால்ட்னா யாருன்னு பாத்துடுவோம், ஏன்னா அது புரிஞ்சா பாதி புரிஞ்ச மாதிரி. பெரிய குடும்பத்து ஆளுங்க கேடயத்துலயும் கவசத்துக்கு மேல போடுற துணியிலயும் தங்களோட குலச்சின்னத்தை வரைஞ்சுக்குவாங்க, சிவப்புல மூணு சிங்கம், நீலத்துல தங்கப் பூ, இப்படி. முகத்தை இரும்புத் தொப்பி மூடியிருக்கும் போது இவன் யாருன்னு தெரியறதுக்கு அதான் வழி. இந்தச் சின்னத்தை எல்லாம் மனப்பாடமா வச்சிருக்குறது தான் ஹெரால்டோட தொழில், ரெண்டு பக்கத்து ஹெரால்டும் ஒருத்தரை ஒருத்தர் மதிப்பாங்க, அவங்களை யாரும் தாக்க மாட்டாங்க. சண்டை முடிஞ்சதும் சின்னத்தைப் பாத்து இது இன்ன குடும்பம், இன்ன மகன்னு சொல்லிடுவாங்க. சாதா சிப்பாய்க்குக் குலச்சின்னமே கிடையாது. அதனால அவனைப் பாத்து ஹெரால்டால சொல்ல முடிஞ்சதும் எதுவும் இல்ல, சொல்லச் சொல்லி யாரும் கேக்கவும் இல்ல.

சின்னம் போயிட்டாலும் பெரிய ஆளா இருந்தா விட மாட்டாங்க, தேடுவாங்க. 1066ல ஹேஸ்டிங்ஸ் சண்டையில செத்த இங்கிலாந்தோட ஹெரால்ட் ராஜாவோட (இது தொழில் இல்ல, அவர் பேரே ஹெரால்ட்) முகம் சிதைஞ்சு போயிருந்ததாம், அவரோட வாழ்ந்த ஈடித்ங்கிற பொண்ணைக் கூட்டிட்டு வந்து, அவளுக்கு மட்டும் தெரிஞ்ச உடம்பு அடையாளத்தை வச்சு கண்டுபிடிச்சாங்கன்னு வால்தம் மடத்துல எழுதி வச்ச கதை இருக்கு. 1453ல காஸ்டியோன் சண்டையில ஜான் டால்பட்ங்கிற வயசான இங்கிலீஷ் தளபதி செத்தப்போ, அவரோட ஹெரால்ட் வந்து வாயில விரலை விட்டு, பல்லு இல்லாத இடத்தைத் தடவிப் பாத்துத்தான் இது என் எஜமான்னு சொன்னார். 1477 ஜனவரியில நான்சி ஊருக்கு வெளியில பர்கண்டி கோமகன் சார்ல்ஸ் செத்து ரெண்டு நாள் கழிச்சு, பனியில உறைஞ்சு, முகத்தை ஓநாய் கடிச்சுப் போட்ட நிலையில கிடைச்சார், துணி ஒண்ணும் இல்ல, அவரோட டாக்டர் பழைய காயத் தழும்பையும் விழுந்த பல்லையும் நீளமான நகத்தையும் பாத்து உறுதி பண்ணார்.

இந்த மூணு கதையிலயும் ஒரே விஷயம் தான் வேலை செய்யுது, கவனிங்க. உடம்பைத் தெரிஞ்ச ஒரு ஆள் அங்க வந்து நிக்கணும். பல்லு, தழும்பு, மச்சம் எல்லாம் சாதா சிப்பாய்க்கும் தான் இருந்துச்சு, அது தெரிஞ்ச அம்மாவோ பொண்டாட்டியோ நூறு மைல் தள்ளி ஏதோ ஒரு கிராமத்துல இருந்தாங்க, அவ்வளவு தான் வித்தியாசம்.

அப்போ துணிமணி, பொருளை வச்சு கண்டுபிடிக்கலாமேன்னு தோணும். அதுக்கும் வழி இல்லாமப் போச்சு, ஏன்னா சண்டை முடிஞ்ச ஒரு சில மணி நேரத்துல பிணத்து மேல ஒண்ணுமே இருக்காது. இரும்பு வளையச் சட்டை, செருப்பு, பெல்ட்டு, கம்பளித் துணி எல்லாமே அந்தக் காலத்துல ரொம்ப விலை, ஜெயிச்சவங்க ஒரு தடவை உருவுவாங்க, மிச்சத்தை சுத்துப்பட்டு ஏழை ஜனங்க ராத்திரி வந்து எடுத்துட்டுப் போவாங்க. ஹேஸ்டிங்ஸ் சண்டையைக் காட்டுற பேயூ துணிச் சித்திரம்னு ஒண்ணு இருக்கு, கிட்டத்தட்ட 70 மீட்டர் நீளம், அதோட கீழ் ஓரத்துல பாத்தா செத்தவங்க உடம்புல இருந்து வளையச் சட்டையைத் தலை வழியா இழுத்துக் கழட்டுறதை அப்படியே தச்சு வச்சிருக்காங்க, சட்டை போனதும் உள்ள இருக்குறது வெறும் உடம்பு, அது எந்த நாட்டுக்காரன் உடம்புன்னு கூட சொல்ல முடியாது. கழுத்துல தகடு மாட்டுற பழக்கமெல்லாம் ரொம்பப் பின்னாடி வந்தது. 1860கள்ல அமெரிக்க உள்நாட்டுப் போர்ல கூட சிப்பாய்ங்க தாங்களே பேப்பர்ல பேரும் ஊரும் எழுதி சட்டை முதுகுல குத்திக்கிட்டுத்தான் சண்டைக்குப் போனாங்க.

ஆனா அந்தப் படையில சாதா சிப்பாயை யாருக்குமே தெரியாதுன்னு நினைச்சுடாதீங்க, நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சேன், அது தப்பு. அவன் தனியா வந்து சேரல. ஒரு ஊர்ல இருந்தோ ஒரு பிரபுவோட நிலத்துல இருந்தோ அஞ்சு பேர் பத்து பேரா சேர்ந்து வருவாங்க, அண்ணன் தம்பி, பக்கத்து வீடு, ஒண்ணா ஒரு குழுவுல, ஒரு கேப்டனுக்குக் கீழ. ஒரே பானையில சாப்பிட்டவங்க. அதனால ஒருத்தன் விழுந்தா இன்னான் விழுந்துட்டான்னு பக்கத்துல நிக்குறவனுக்கு அந்த நிமிஷமே தெரியும், ஊருக்குத் திரும்பிப் போனா அவன் தான் வீட்டுக்குப் போய் சொல்லுவான். அந்தக் காலத்து ஐ.டி. கார்டு கூட இருக்குறவன் வாய் தான். குழுவோட மொத்தமா செத்துட்டா? தோத்து ஓடிட்டா? அங்க தான் பேரு அறுந்து போகுது, சொல்ல ஆள் இல்ல.

1415 அக்டோபர் 25, அஜின்கோர்ட் சண்டையில இது ரெண்டு விதமாவும் தெரியும். ஜெயிச்ச இங்கிலீஷ் ராஜா அஞ்சாம் ஹென்றி மறுநாளே படையைக் கூட்டிட்டு கலே துறைமுகம் பக்கம் நடக்க ஆரம்பிச்சுட்டார், இருந்து எல்லாரையும் புதைக்க நேரமும் இல்ல சாப்பாடும் இல்ல. அவர் பக்கம் செத்த பெரிய ஆளான யார்க் கோமகனோட உடம்பை வேக வச்சு சதையைப் பிரிச்சு எலும்பை மட்டும் ஊருக்குக் கொண்டு போனாங்க, கேக்கவே ஒரு மாதிரி இருக்கும், ஆனா அந்தக் காலத்துல அது மரியாதை, சொந்த மண்ணுல அடக்கம் பண்றதுக்கு. மத்த இங்கிலீஷ் பிணங்களை ஒரு கொட்டகையில அடுக்கித் தீ வச்சுட்டாங்கன்னு சில பழைய பதிவு சொல்லுது. பிரெஞ்சுப் பக்கம், பிரபுக்களோட வேலைக்காரங்களும் சொந்தக்காரங்களும் வந்து தங்களோட எஜமானைத் தேடி எடுத்துட்டுப் போனாங்க. மிச்சம் கிடந்தவங்களுக்காக நிலத்துல 25 கோல் அளவுக்கு ஒரு சதுரம் அளந்து, அதுக்குள்ள மூணு நீள அகழி வெட்டி 5,800 பேரைப் புதைச்சாங்க, ஒரு பிஷப் வந்து மண்ணைப் புனிதப்படுத்தினார், நாயும் ஓநாயும் தோண்டிடக் கூடாதுன்னு சுத்தி முள்ளுச் செடி போட்டாங்கன்னு மான்ஸ்ட்ரலேங்கிற அந்தக் காலத்து எழுத்தாளர் எழுதியிருக்கார். முள்ளு வேலி வரைக்கும் அக்கறை இருந்துச்சு, அதையும் சொல்லணும் இல்லையா, யாரும் அவங்களைக் குப்பை மாதிரி நினைக்கல.

இதுல எனக்கு ரொம்ப முக்கியமாப் படுற ஒண்ணு சொல்றேன். அதே அஜின்கோர்ட்டுக்குப் போன இங்கிலீஷ் வில்லாளிங்க பேரு இன்னைக்கும் இருக்கு! லண்டன்ல கியூங்கிற இடத்துல இருக்குற தேசிய ஆவணக் காப்பகத்துல தோல் சுருள் சுருளா இருக்கு. ஏன்னா அவங்க சம்பளத்துக்கு வந்தவங்க. ஒரு கேப்டன் ராஜாகிட்ட ஒப்பந்தம் போடுவார், இத்தனை கவச வீரர், இத்தனை வில்லாளி கொண்டு வரேன்னு, கவச வீரருக்கு நாளுக்கு 12 பென்ஸ், வில்லாளிக்கு 6 பென்ஸ். காசு குடுக்குற அரசாங்கம் சும்மா குடுக்குமா, ஆளைக் காட்டுன்னு கேக்கும். அதனால வரிசையா நிக்க வச்சு பேரு கூப்பிட்டு சரி பாப்பாங்க, அந்த லிஸ்ட்டுல பேருக்குப் பக்கத்துல இங்க்கில வச்ச சின்னச் சின்னப் புள்ளி இருக்கும், ஆள் வந்திருக்கான்னு அர்த்தம். திரும்பி வந்ததும் கேப்டன் மறுபடி கணக்கு குடுக்கணும், அஜின்கோர்ட்டுக்கு முன்னாடி நடந்த ஹார்ஃப்ளூர் முற்றுகையில வயித்துப்போக்கு வந்து செத்தவன் யாரு, சீக்காளியாகி ஊருக்கு அனுப்பினது யாரை, கோட்டைக் காவலுக்கு விட்டுட்டு வந்தது யாரை, சண்டையில செத்தவன் யாருன்னு. 1369ல இருந்து 1453 வரைக்கும் இப்படிக் கிடைச்ச பேரையெல்லாம் ரெண்டு இங்கிலாந்து பல்கலைக்கழகங்கள் சேர்ந்து கம்ப்யூட்டர்ல ஏத்தி, யார் வேணும்னாலும் தேடிப் பாக்குற மாதிரி போட்டிருக்காங்க.

ஆக பேரு எழுதத் தெரியாம இல்ல, எழுத ஆள் இல்லாம இல்ல, காசுக்கு எழுதினாங்க. அவன் உயிரோட இருந்தா சம்பளம் போகும், அதனால உயிரோட இருந்த வரைக்கும் அவன் பேருக்கு மதிப்பு இருந்துச்சு. பிரபு செத்தா நிலம் கைமாறும், வாரிசுக்குப் போகணும், அதனால அவர் சாவுக்கு மதிப்பு இருந்துச்சு. சாதா சிப்பாய் சாவால யாரோட நிலமும் கைமாறல, அதனால களத்துல போய் அவன் முகத்தைத் திருப்பிப் பாத்து எழுதுன்னு எந்த ராஜாவும் கிளார்க்கை அனுப்பல. குழியில புதைச்ச உடம்பையும் சுருள்ல இருக்குற பேரையும் சேத்து வைக்குற ஒரே ஒரு வரி, அதை மட்டும் யாரும் எழுதல.

ஆனா அந்த வரி ரொம்ப தேவைப்பட்ட ஒருத்தி இருந்தா, அவன் பொண்டாட்டி. இதைப் பத்தி ரொம்ப பேர் யோசிக்குறதே இல்ல. கணவன் போருக்குப் போய் வரலன்னா அவ மறுகல்யாணம் பண்ணிக்க முடியுமா? 12ஆம் நூற்றாண்டு கடைசியில போப் மூணாம் கிளெமென்ட் குடுத்த பதில் சர்ச் சட்டத்துலயே சேர்ந்துச்சு: எத்தனை வருஷம் ஆனாலும் சரி, கணவன் செத்துட்டான்னு உறுதியான சேதி வராம வேற கல்யாணம் கூடாது. இங்கிலாந்துல விதவைக்குக் கணவன் சொத்துல மூணுல ஒரு பங்கு வரும், அதுக்கும் அவன் செத்திருக்கணும். ஒரு துண்டு நிலத்தை வச்சுக்கிட்டு ரெண்டு பிள்ளையோட இருக்குறவ, கூடப் போன பக்கத்து ஊர்க்காரன் யாராவது திரும்பி வந்து ஆமா நான் பாத்தேன், அவன் விழுந்துட்டான்னு சாட்சி சொல்ற வரைக்கும் மனைவியும் இல்ல, விதவையும் இல்ல. ஒரு பேரு தொலையறதுன்னா வரலாற்றுல ஒரு ஓட்டைன்னு மட்டும் நினைக்கக் கூடாது, ஒரு வீடு அப்படியே நின்னு போச்சுன்னு அர்த்தம்.

இங்க நம்ம ஊர் நடுகல் ஞாபகம் வராம இருக்காது. திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பக்கம் கிடைச்ச நடுகல்லுல எல்லாம் ஆநிரை மீட்கப் போய்ச் செத்த சாதாரண ஆளுங்க பேரு, எந்த ராஜா ஆட்சியில எத்தனையாவது வருஷம்னு வெட்டியிருக்காங்க. எடத்தனூர்ல மகேந்திரவர்மன் காலத்துக் கல்லு ஒண்ணு, கருந்தேவக்கத்திங்கிற வீரனோட சேத்து, திருடனைக் கடிச்சு நின்ன கோவிவன்ங்கிற அவன் நாய் பேரையும் வெட்டி வச்சிருக்காங்க. ஐரோப்பாவுல கோமகன் பக்கத்துல செத்தவனுக்குக் கிடைக்காதது இங்க நாய்க்குக் கிடைச்சதுக்குக் காரணம், அவன் சொந்த ஊரு எல்லையிலயே விழுந்தான், கல்லு நட்டவங்க அவனை சின்ன வயசுல இருந்து பாத்தவங்க.

சொந்த ஊர்ல செத்தும் பேரு போன கதையும் இருக்கு. 1361 ஜூலை 27, சுவீடனுக்குப் பக்கத்துல கோட்லாந்து தீவுல, விஸ்பி நகரத்து மதிலுக்கு வெளியில டென்மார்க் ராஜா வால்டெமாரோட கூலிப்படை, விவசாயிங்க படையை வெட்டிச் சாச்சுடுச்சு. நகரத்துக்காரங்க விவசாயிங்களுக்குக் கதவைத் திறக்கவே இல்ல. நல்ல வெயில் காலம், பிணம் சீக்கிரம் கெட்டுப் போக ஆரம்பிச்சிருக்கும், அதனால வழக்கமா பண்ற மாதிரி முழுசா உருவாம கவசத்தோடயே நிறைய பேரைக் குழியில போட்டுட்டாங்க. 20ஆம் நூற்றாண்டுல தோண்டினப்போ ஆயிரத்துக்கு மேல எலும்புக்கூடு வந்துச்சு, சில மண்டையோட்டுல அந்த இரும்பு வளையத் தொப்பி துருப்பிடிச்சு அப்படியே ஒட்டிக்கிட்டிருக்கு, நிறைய பேருக்கு முழங்காலுக்குக் கீழ வெட்டு, கேடயம் மறைக்காத இடம் அது. அதுல சின்னப் பசங்களும் வயசானவங்களும் சரியா நடக்க முடியாதவங்களும் இருந்தாங்க. இத்தனை பேர்ல ஒரு கவசத்துல மட்டும் சின்னச் சின்னக் குலச்சின்னப் பட்டயம் இருந்துச்சு, அதை வச்சு நெதர்லாந்துப் பக்கம் ஃப்ரீஸ்லாந்துல இருந்த ரோர்டா குடும்பத்து ஆளுன்னு கண்டுபிடிச்சாங்க. மறுபடியும் குலச்சின்னம் தான்! அங்க ஒரு கல் சிலுவை நிக்குது, விஸ்பி வாசல்ல டென்மார்க்காரங்க கையில விழுந்த கோட்லாந்துக்காரங்க இங்க புதைஞ்சிருக்காங்க, அவங்களுக்காக வேண்டிக்கங்கன்னு. கோட்லாந்துக்காரங்க, அவ்வளவு தான்.

சரி, இன்னைக்கு சயின்ஸ் இருக்கே, டி.என்.ஏ. இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு, நிறைய சொல்லும். பல்லு எனாமல் சின்ன வயசுல உருவானதோட சரி, அப்புறம் மாறாது, அப்போ குடிச்ச தண்ணியிலயும் சாப்பிட்ட தானியத்துலயும் இருந்த ஸ்ட்ரான்ஷியம், ஆக்ஸிஜன் எல்லாம் அதுக்குள்ள தங்கிடும், அதுல கனமான வகைக்கும் லேசான வகைக்கும் உள்ள விகிதம் மண்ணுக்கு மண்ணு, மழைக்கு மழை மாறும், அதனால ஆள் எந்தப் பக்கம் வளர்ந்தான்னு தோராயமா சொல்லிடலாம். எலும்பைப் பாத்து வயசு, உயரம், பழைய காயம், சின்ன வயசுல பட்ட பட்டினி எல்லாம் தெரியும். டி.என்.ஏ. உறவைக் காட்டும். ஆக்ஸ்ஃபோர்டுல ஒரு கல்லூரி இடத்துல 2008ல கிடைச்ச குழியில இருந்த ஒரு வாலிபன், 1002ல இங்கிலாந்துல டேனிஷ்காரங்களைக் கொல்லச் சொன்ன உத்தரவுல செத்திருக்கலாம்னு சொல்றாங்க, அவனும் டென்மார்க்ல ஃபூன் தீவுல தோண்டி எடுத்த ஒரு ஐம்பது வயசு ஆளும் நெருங்கின ரத்த உறவுன்னு தெரிஞ்சுச்சு, மாமன் மருமகனோ, தாத்தா பேரனோ, ஒருவேளை அப்பா வழியிலயோ அம்மா வழியிலயோ பாதி அண்ணன் தம்பியோ. ஆயிரம் வருஷம் கழிச்சு ரெண்டு பேரையும் கோபன்ஹேகன் மியூசியத்துல ஒண்ணா வச்சாங்க. சொந்தம் தெரிஞ்சிடுச்சு, ரெண்டு பேர் பேரும் தெரியல.

பேருன்னு வந்தா டி.என்.ஏ.வுக்கு ஒத்துப் பாக்க உயிரோட ஒரு வாரிசு வேணும், அந்த வாரிசுக்கும் செத்தவனுக்கும் நடுவுல அறுபடாத வம்சப் பட்டியல் எழுத்துல வேணும். 1485ல பாஸ்வொர்த் சண்டையில செத்த மூணாம் ரிச்சர்ட் ராஜாவை 2012ல லெஸ்டர்ல கார் பார்க்கிங் அடியில தோண்டி எடுத்து 2013ல அவர் தான்னு அறிவிச்சாங்களே, அது எப்படி முடிஞ்சுச்சுன்னா அவரோட அக்கா ஆன்ல இருந்து மகள், மகளோட மகள்னு இன்னைக்கு வரைக்கும் தொடர்ச்சியா எழுத்து இருந்துச்சு. அதே நாள் அதே களத்துல செத்த ஈட்டிக்காரனுக்கு? இங்கிலாந்துல சாதாரண ஜனங்களோட ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கத்தை ஒவ்வொரு சர்ச்சும் எழுதி வைக்கணும்னு உத்தரவு வந்ததே 1538ல தான். அதுக்கு முன்னாடி அவன் வம்சத்துக்கு எழுத்து கிடையாது. போதாததுக்கு லிஸ்ட்டுல பாதிப் பேரு ஜான், வில்லியம், தாமஸ், ரிச்சர்ட்.

கடைசியா இங்கிலாந்துல டவ்டன்ங்கிற ஊரு. 1461 மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு, பனி கொட்டுது, இங்கிலாந்து மண்ணுல நடந்ததிலயே ரொம்பக் கொடூரமான சண்டைகள்ல ஒண்ணு, 28,000 பேர் செத்தாங்கன்னு ஹெரால்டுகள் கணக்கு சொன்னதா அந்த வாரமே கடிதத்துல எழுதினாங்க, இதுவும் ஊதின கணக்குத்தான். 1996ல அங்க ஒரு வீட்டுல கட்டட வேலைக்குத் தோண்டும் போது ஒரு குழி வந்துச்சு, ஆழம் அரை மீட்டர் தான், அதுக்குள்ள நெருக்கி அடுக்கி நாப்பது பேருக்குக் கிட்ட. துணி, கவசம் எதுவும் இல்ல. கிட்டத்தட்ட எல்லாருக்கும் தலையில வெட்டு. பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்காரங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர் குடுத்தாங்க. டவ்டன் 25க்குத் தலையில எட்டு வெட்டு, அதுக்கு முன்னாடியே ஒரு மண்டை உடைஞ்சு ஆறின தழும்பும் இருக்கு, அதாவது அது அவனோட முதல் சண்டை இல்ல.

டவ்டன் 16 அவங்கள்ல வயசானவன், நாப்பதுக்கு மேல, ஐம்பதுக்குள்ள. சாகறதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடியே ஒரு கத்தி அவன் தாடையை இடது பக்கம் ஆழமா கிழிச்சிருக்கு. அந்த எலும்பு நல்லா கூடியிருக்கு, சீழ் பிடிச்ச அடையாளம் பெருசா இல்ல. அப்படின்னா யாரோ அந்தக் காயத்தைக் கழுவியிருக்காங்க, கட்டியிருக்காங்க, வாயைத் திறக்க முடியாத வாரக்கணக்கான நாள்ல கஞ்சி மாதிரி எதையோ கொஞ்சம் கொஞ்சமா ஊட்டியிருக்காங்க. அந்த முகத்துக்கு மாடல் செஞ்சு கூட பாத்துட்டாங்க, கன்னத்துல அந்தத் தழும்போட. அன்னைக்கு ஊட்டினவங்க அவனைப் பேரு சொல்லித்தான் கூப்பிட்டிருப்பாங்க.